இதயச் செயலிழப்புள்ள முதியவரின் தள்ளாமை: வீட்டில் அளப்பதும் செய்வதும்

உடலுக்கு வேண்டிய ரத்தத்தை இதயத்தால் இறைக்க முடியாமல் போவதுதான் இதயச் செயலிழப்பு. அது உள்ள முதியவர் நாற்காலியை விட்டு எழவே தயங்கினால், வீட்டிலுள்ளவர்கள் பழியை இதயத்தின் மீது போடுவார்கள், இல்லையென்றால் வயதின் மீது. பல நேரங்களில் கோளாறு தொடைத் தசையில் இருக்கிறது. இந்த நோய் தசையைப் பல வழிகளில் கரைக்கும். தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடலுக்குள் அழற்சி ஓயாமல் இருக்கிறது. குடலில் நீர் கோத்துக்கொள்வதால் பசி போய்விடுகிறது. மூச்சு வாங்குமே என்ற பயத்தில் நடப்பதும் நின்றுபோகிறது. இப்படிக் கையிருப்பெல்லாம் தீர்ந்து, ஒரு சின்னக் காய்ச்சலோ ஒரு புது மாத்திரையோ ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் நிலைதான் தள்ளாமை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இதைக் காணலாம். வயது அதிகமில்லாதவர்களுக்கும் வரும்.

இதில் ஒரு பகுதியை மீட்டெடுக்க முடியும். இதயம் இறைக்கும் திறனைக் காட்டும் எக்கோ அறிக்கை எண் அப்படியே இருக்க, நடை தேறும், குளிக்கத் துணை வேண்டாமல் போகும். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும் என்பதால், முதல் வேலை அளப்பது.

முதலில் அளந்து எழுதுங்கள்

முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைடும் அவரது குழுவினரும் 2001-இல் வகுத்த ஐந்து அடையாளங்களை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் 4.5 கிலோவுக்கு மேல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, உடலசைவு குறைவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசல். இதய நோயாளியிடம் ஒரு சிக்கல் உண்டு. அசதியும் அசைவுக் குறைவும் இதயச் செயலிழப்பின் அறிகுறிகளும்கூட. அதனால் வீட்டில் நம்ப வேண்டியவை நடையும் எழுந்திருப்பதும்தான். இரண்டுக்கும் ஒரு கடிகாரம் போதும்.

நடைக்கு: சமதரையில் 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் ஒட்டுங்கள். முதல் கோட்டுக்கு முன்னும் இரண்டாவது கோட்டுக்குப் பின்னும் ஒரு மீட்டர் காலியாக இருக்கட்டும். ஓட்டமெடுக்கவும் நிற்கவும் இடமில்லாவிட்டால் கணக்கு தவறாக வரும். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். கைத்தடி பிடிப்பவர் தடியோடே நடக்கலாம். இரண்டு முறை பார்த்து, குறைவான நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். 5 விநாடி என்றால் விநாடிக்கு 0.8 மீட்டர். அதைவிட நேரம் கூடினால் நடை தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

எழுந்திருப்பதற்கு: கைப்பிடி இல்லாத, இருக்கை 43 முதல் 45 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து உட்காருவதை ஐந்து முறை செய்யட்டும். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் கால் வலிமை குறைவு. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லையா, அதையே முடிவாக எழுதுங்கள். இன்னொருமுறை என்று வற்புறுத்தாதீர்கள்.

தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வழக்கத்தைவிட மூச்சிரைப்போ இருக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டாம். மாதம் ஒருமுறை போதும். அதே நாற்காலி, அதே செருப்பு, அதே நேரம். நீர் மாத்திரை (உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சோதித்தால் கவனமெல்லாம் கழிப்பறையில்தான் இருக்கும்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவமனைகளில் கான்சாஸ் சிட்டி வினாத்தாள் என்ற ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 5 புள்ளி ஏறினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்று கொள்கிறார்கள். வீட்டில் இன்னும் எளிய வழி இருக்கிறது. அவருக்கு முக்கியமான மூன்று காரியங்களை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தானே குளிப்பது, ஒரு மாடி ஏறுவது, பேரப்பிள்ளையோடு வாசல்வரை போவது என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் எவ்வளவு சிரமம் என்று வாரம் ஒருமுறை 0 முதல் 10 வரை அவரே எண் கொடுக்கட்டும். பிள்ளைகள் தரும் எண்ணும் அவர் தரும் எண்ணும் அடிக்கடி ஒத்துவராது. அவர் தருவதைத்தான் எழுத வேண்டும்.

எடை பார்க்கும் கருவி எங்கே ஏமாற்றும்

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் சேர்கிறது. அன்றே மருத்துவக் குழுவிடம் பேச வேண்டும். இது பலருக்கும் தெரிந்த விதி.

தெரியாதது இது: தள்ளாமை உள்ளவருக்கு எடை மாறாமல் இருப்பதும் ஆபத்தாகலாம். இரண்டு கிலோ தசை கரைந்து இரண்டு கிலோ நீர் சேர்ந்திருந்தால் முள் அசையாது. மூன்று மாதம் ஒரே எடை என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும்போதே கணுக்கால் வீங்கியிருக்கும், தோள்பட்டை எலும்பு துருத்தியிருக்கும். அதனால் எடையோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது விரலால் 5 விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா. மற்றொன்று, மேல்கைச் சுற்றளவு. தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவால் மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். கெண்டைக்கால் சுற்றளவு தசையைக் காட்டும் நல்ல அளவுதான், ஆனால் கால் வீங்கும் நோயில் அதை நம்ப முடியாது. கைச்சுற்றளவு குறைந்துகொண்டே போக எடை மட்டும் நிலையாக இருந்தால், வறண்ட எடையை, அதாவது தேங்கிய நீர் இல்லாத எடையை, மறுபடி நிர்ணயிக்கச் சொல்லுங்கள். நீர் மாத்திரையின் அளவே அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரு வருடத்துக்குள் நீரல்லாத எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது இதயநோய் உடல்மெலிவு. தனியாகக் கவனிக்க வேண்டியது.

காலை வலுப்படுத்துவது

"பேசாம படுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பதைவிடத் தசையை வேகமாகக் கரைக்கும் வாக்கியம் கிடையாது. நோயே இல்லாத முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்த ஆய்வொன்றில், காலில் மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசை போனது. 2021-இல் வெளியான ரீஹாப்-ஹெச்எஃப் ஆய்வு இதற்கு எதிர்த் திசையில் போனது. இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 349 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு வலிமை, சமநிலை, நடமாட்டம், தாக்குப்பிடித்தல் என நான்கையும் சேர்த்து 12 வாரம் பயிற்சி தரப்பட்டது. உடல் செயல்பாடும் வாழ்க்கைத் தரமும் நன்றாகவே தேறின. திரும்ப மருத்துவமனையில் சேர்வது மட்டும் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆகவே பயிற்சியிடம் எதிர்பார்க்க வேண்டியது அன்றாட வாழ்க்கையில் வரும் தேர்ச்சியை.

தொடங்குவதற்கு முன் இதய மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சிரைப்பு கூடிவரும் வாரத்தில், நீர் வடியாத நிலையில், புது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்த பிறகு தொடங்கக் கூடாது. இதய மறுவாழ்வு மையம் எட்டும் தூரத்தில் இருந்தால் முதல் சில வாரம் அங்கேயே செய்வது நல்லது.

வரிசை முக்கியம். எல்லோரும் நடையில் ஆரம்பிக்கிறார்கள். கால் வலுவும் சமநிலையும் இல்லாதவரை முதலில் நடக்கவிட்டால் விழுவார், விழுந்தபின் பயந்துபோய் எதுவுமே செய்ய மாட்டார். எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். தாழ்வான இருக்கை கடினமென்றால் கெட்டியான மெத்தையைப் போட்டு உயர்த்துங்கள், தேவையானால் கையூன்ற விடுங்கள். ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் சுலபமாக வந்தால் மெத்தையை எடுங்கள், அடுத்து கையூன்றுவதை நிறுத்துங்கள். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும்.

சமநிலைக்குச் சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்தபடி பாதங்களைச் சேர்த்து 10 விநாடி நிற்பது, பிறகு ஒரு குதிகாலை மறு பாதத்தின் பெருவிரலோரம் வைத்து நிற்பது, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்து நிற்பது. குதிகாலைத் தூக்கி இறக்குவதை அதே இடத்தில் பத்து முறை செய்யலாம். பின்னால் ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஒரு ஆளும் இருக்கட்டும்.

இவை வந்தபின் நடை. ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் வேண்டாம். ஐந்து நிமிடமாக மூன்று வேளை. அதுவும் முடியாதென்றால் இரண்டு நிமிடமாக ஆறு வேளை. சில நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். நேரம் முதலில் கூடட்டும், வேகம் கடைசியில். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது அதிகம். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். மறுநாள் காலைவரை அசதி நீடித்தால் முந்தின நாள் அளவு கூடிப்போயிற்று. பாதியாகக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு

கட்டுப்பாடு கூடினால் நல்லது என்ற எண்ணம் தள்ளாமையில் எடுபடாது. 2022-இல் வந்த சோடியம்-ஹெச்எஃப் ஆய்வில் சோடியத்தை நாளுக்கு 1,500 மி.கி.க்குக் கீழே இறுக்கியும் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. நாள் முழுக்கச் சமைப்பதிலும் தயாரிப்பு உணவுகளிலும் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, என்பது பெரும்பாலோருக்குப் போதுமான வரம்பு. உப்பே இல்லாத சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைக்கும் முதியவருக்கு உப்பைவிடப் பட்டினிதான் அதிகக் கேடு. பொட்டலத் தின்பண்டங்களையும் கடைச் சூப்புகளையும் வெட்டினாலே பெரும்பகுதி குறைந்துவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். நிலையாக இருக்கும் நோயாளிகளை வைத்து 2025-இல் வெளியான ஃபிரெஷ்-அப் ஆய்வில், 1,500 மி.லி.க்குள் கட்டுப்படுத்தியவர்களுக்கும் விருப்பப்படி குடித்தவர்களுக்கும் வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. தாகத்தின் வதை மட்டும் கட்டுப்படுத்தியவர்களிடம் கூடுதல். நோய் முற்றியவருக்கும் ரத்தத்தில் சோடியம் குறைந்தவருக்கும் மருத்துவர் வரம்பு சொல்லியிருந்தால் அதை மீறக் கூடாது. யாரும் சொல்லாமல் குடும்பமே விதித்த வரம்பென்றால் மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள்.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம். 55 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 55 முதல் 66 கிராம். எடைக்கணக்கில் வறண்ட எடையைப் போடுங்கள், வீங்கிய எடையை அல்ல. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 7 அல்லது 8 கிராம்தான் என்பதால், ஒரே வேளையில் இதை எட்ட முடியாது. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிறு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்பார்கள். குடலும் கல்லீரலும் நீர்கோத்து வீங்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். சிறிது சிறிதாக ஐந்து, ஆறு முறை கொடுத்தும் தேறவில்லையென்றால் நீர் மாத்திரை அளவு பற்றிப் பேச வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: இரும்புச்சத்துச் சோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இருப்பு தீர்ந்திருக்கலாம். ஃபெரிட்டின் (சேமித்த இரும்பைக் காட்டும் அளவு) 100-க்குக் கீழே, அல்லது 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்பது வழிகாட்டுதல்களின் வரையறை. இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு அசதியைக் குறைக்கிறது. மாத்திரையாகக் கொடுத்த இரும்பு 2017-இல் வந்த ஆய்வில் பலன் தரவில்லை, மலச்சிக்கல் வேறு தரும்.

மாத்திரைகள்: வீட்டில் தவறு நடக்கும் இடம்

தள்ளாமை இருக்கிறதே என்று இதய மருந்துகளைத் தாமாகக் குறைப்பதும் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. இதயச் செயலிழப்புக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் மருந்தின் ஆய்வுகளில் தள்ளாமை அதிகமுள்ளவர்களிடம்தான் வாழ்க்கைத் தரம் கூடுதலாகத் தேறியது. பலவீனமானவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது. சரியான வழி, சிறிய அளவில் தொடங்குவது, ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றுவது, அளவைக் கூட்டிய ஓரிரு வாரத்தில் சிறுநீரகம், பொட்டாசியம் சோதிப்பது.

ரத்த அழுத்தத்தை உட்கார்ந்து மட்டும் பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் விழும் ஆபத்து உண்டு. அந்த எண்களோடு மருத்துவரிடம் போங்கள். முதலில் வெட்ட வேண்டியது பெரும்பாலும் இதய மருந்தாக இருக்காது. தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள், இதயத்துக்கு உதவாத வேறு ரத்தக்கொதிப்பு மாத்திரை, நீர் வடிந்தபின்னும் குறைக்காத நீர் மாத்திரை இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை வேலை செய்யும் நேரம் ஏறத்தாழ 6 மணி. காலையில் கொடுங்கள். இரண்டாம் வேளை உண்டென்றால் மாலை 4 மணிக்குள் முடியட்டும். இரவு எட்டு மணிக்குக் கொடுத்தால் நள்ளிரவில் இருட்டில் கழிப்பறைக்கு ஓடும்போதுதான் இடுப்பெலும்பு முறிகிறது. வெளியே போகும் நாளில் சில மணி நேரம் தள்ளிப் போடலாமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலர் அந்த மாத்திரைக்குப் பயந்தே வெளியில் போவதை விட்டுவிடுகிறார்கள்.

மூட்டுவலிக்கு ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் நிறைய. மாற்று உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன், எனலாபிரில் போன்ற இதய மருந்துகளை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டுமருந்து ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். மருந்துப் பட்டியலில் இதை எழுத எல்லோரும் மறந்துபோகிறார்கள். டிஜாக்சின் என்ற இதய மருந்தை எடுப்பவருக்குப் புதிதாகக் குமட்டலும் பசியின்மையும் வந்தால் மருந்து உடலில் கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பாடு தண்ணீர் இறங்காத நாளில் நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், எனலாபிரில் வகை, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்லாவற்றையும் வழக்கம்போல் கொடுத்தால் சிறுநீரகம் அடிவாங்கும். எவற்றை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள்.

குனிவது, குளிப்பது, தூங்குவது

குனிந்த 30 விநாடிக்குள் மூச்சு முட்டினால் இதயத்தில் அழுத்தம் கூடியிருப்பதன் அடையாளம், மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. அதுவரை குனியும் வேலைகளை மாற்றுங்கள்: நீண்ட பிடியுள்ள செருப்பணி கரண்டி, இடுப்பு உயரத்தில் உடுப்பு அலமாரி. குளியலறையில் நாற்காலியும் கைப்பிடிக் கம்பியும் போடுங்கள். வெந்நீர் ரத்தக்குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கும், வெதுவெதுப்பு போதும். குளியலையும் சாப்பாட்டையும் பயிற்சியையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டாம். துவட்டி உடுத்துவதில்தான் பலருக்கு மூச்சு போகிறது. உட்கார்ந்தபடி துவட்டட்டும்.

அவரால் பத்து நிமிடத்தில் முடிவதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்தால் எட்டு நிமிடப் பயிற்சி போயிற்று. சட்டைப் பொத்தானை அவரே போடட்டும், நேரம் ஆனால் ஆகட்டும்.

தலையணை எண்ணிக்கையைக் கவனியுங்கள். இரண்டு மூன்றானால், அல்லது நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்தால், எடை ஏறாவிட்டாலும் மருத்துவரை அழையுங்கள்.

மனச்சோர்வும் மறதியும்

"எதிலும் ஆர்வமில்லை", "மனசு கனமாக இருக்கிறது" இரண்டும் இரண்டு வாரம் நீடித்தால் அதை வயோதிகம் என்று விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வும் இந்த நோயும் சேர்ந்தே வரும். மருந்தைத் தவறவிடுவதற்கும் பயிற்சியை மறுப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும். மருந்துப் பெட்டியில் மாத்திரைகள் மிஞ்சுவது பிடிவாதத்தால் அல்லாமல் மறதியாலும் இருக்கலாம். திடீரென ஓரிரு நாளில் குழம்பிப் பேசினால் அது மறதிநோயின் தொடக்கம் இல்லை. தொற்று, சோடியம் குறைவு, நீர் வற்றுதல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பதால் அன்றே பார்க்க வேண்டும்.

பேசி வைக்க வேண்டியவை

அவர் வேண்டுவது நீண்ட ஆயுளா, வீட்டிலேயே இருப்பதா, மூச்சுமுட்டாமல் இருப்பதா என்று உடல் நன்றாக இருக்கும் நாளில் கேளுங்கள். பதில் மாறலாம், மறுபடி கேட்கலாம். நோவாற்று மருத்துவம், அதாவது வலி, மூச்சிரைப்பு போன்ற அவதிகளைத் தணிக்கும் மருத்துவம், என்பது சிகிச்சையைக் கைவிடுவது என்று நினைத்துப் பல குடும்பங்கள் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகின்றன. இதய மருந்துகளோடே சேர்த்து அதைத் தொடங்கலாம். முற்றிய இதயச் செயலிழப்பில் அப்படித் தொடங்கியபோது வாழ்க்கைத் தரம் தேறியதை 2017-இல் பால்-ஹெச்எஃப் ஆய்வு காட்டியது. முகத்தின் மீது காற்றுப்படும்படி கையடக்க விசிறி பிடிப்பது மூச்சிரைப்பின் தவிப்பைக் குறைக்கும். அதற்கும் அடங்காதபோது என்ன கொடுக்கலாம் என்று அந்த மருத்துவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

மார்பில் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவி உள்ளவரென்றால் கூடுதலாக ஒன்று. இறுதிக் கட்டத்தில் அது திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுக்கக்கூடும். அதிர்ச்சி தரும் வேலையை மட்டும் அறுவை சிகிச்சை இல்லாமல், வெளியிலிருந்தே அணைக்க முடியும். துடிப்பைக் காக்கும் பேஸ்மேக்கர் வேலையைத் தொடரவும் விடலாம். அணைப்பதால் உடனே உயிர் போகாது, வலியும் இருக்காது. யாரிடம் போய் அணைப்பது, இரவில் யாரை அழைப்பது என்று கருவியைக் கவனிக்கும் மருத்துவப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு, அந்தத் தொலைபேசி எண்ணைக் கருவி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.